வைரஸை அச்சாக வைத்துப் பேட்டரிப் பொருள்: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு எடுக்கலாமா?

திருவாரூர்_மாணவி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உயிர்ப்பொருளை அச்சாக (அதன் மேல் வேறு பொருள் படிந்து வடிவம் பெறும் வார்ப்பாக) வைத்து லித்தியம் பேட்டரிக்கான நானோ பொருள் செய்வது என்று ப்ராஜெக்ட் தலைப்பு முடிவாகிவிட்டது. எந்த உயிர்ப்பொருள் என்பதை என்னையே தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டார் கைடு.

படிக்க ஆரம்பித்ததிலிருந்து மனசு முழுக்க அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஏஞ்சலா பெல்ச்சர் குழு செய்த வைரஸ் வேலையில்தான் இருக்கிறது. 2006-ல் எம்13 வைரஸின் மேல் கோபால்ட் ஆக்சைடைப் படியவைத்து ஆனோடு (பேட்டரியின் எதிர்முனை) செய்திருக்கிறார்கள். 2009-ல் அதே வைரஸை வைத்து இரும்பு பாஸ்பேட் கேத்தோடு (நேர்முனை). உலையே இல்லாமல், தண்ணீரில், அறை வெப்பநிலையில்! அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் சில விஷயங்கள் புரியவில்லை. இப்போது ஆனோடாக இருக்கும் கிராஃபைட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொள்திறன் (ஒரு கிராம் சேமிக்கும் மின்சாரம்) என்கிறார்கள். அப்படியானால் இத்தனை வருடத்தில் அது ஏன் எந்தக் கடைக்கும் வரவில்லை? வைரஸ் பேட்டரி செல்லுக்குள் உயிரோடு இருக்குமா? செல் கசிந்தால் ஆபத்தா என்று ஹாஸ்டலில் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கும் உறுதியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. என் மாமா ரைஸ் மில் வைத்திருக்கிறார், அங்கே உமி மலைபோல் கிடக்கிறது. உமியிலிருந்து சிலிக்கான் ஆனோடு செய்த கட்டுரைகளைப் பார்த்தேன். வைரஸுக்கு முன்னால் அது சாதாரணமாகத் தெரிகிறது. எங்கள் லேபில் மஃபிள் ஃபர்னஸ், சென்ட்ரிஃப்யூஜ், ஃப்யூம் ஹூட் உண்டு. காற்றும் ஈரமும் படாமல் வேலை செய்யும் க்ளவ் பாக்ஸ் கிடையாது. காயின் செல் கட்டவும் சோதிக்கவும் வேறு பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு செமஸ்டர்தான் நேரம். யாராவது உண்மையிலேயே ஃபேஜ் (எம்13 போல பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்) கையாண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

செல்_டெஸ்டர்

ஒரு செமஸ்டர் என்றால் உமிதான். ஃபேஜ் வளர்க்க மைக்ரோபயாலஜி லேப் வேண்டும், இன்குபேட்டர் ஷேக்கர் வேண்டும், மரபணு மாற்றிய ஃபேஜ் வேண்டும், கல்லூரியின் உயிரியல் பாதுகாப்புக் குழு அனுமதியும் வேண்டும். அனுமதி கைக்கு வருவதற்குள் வைவா வந்துவிடும். சோதிக்கப் போகும் இடத்தில் செல் டெஸ்டர் சேனலுக்கு இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள், அதற்குத்தான் எப்போதும் கூட்டம். மற்றதை ஃபேஜ் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மின்வேதி

நான் போஸ்ட்டாக் காலத்தில் எம்13 கையாண்டவள். இப்போது செல் தயாரிக்கும் ஆய்வில் இருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஹாஸ்டல் கேள்வி. எம்13 பாக்டீரியாவை மட்டும் தொற்றும் வைரஸ். அதிலும் எஃப் பைலஸ் என்ற மெல்லிய இழை உள்ள ஈ.கோலை வகையை மட்டும். மனித செல்லுக்குள் நுழைய அதற்கு வழியே இல்லை. தான் தொற்றிய பாக்டீரியாவைக்கூட அது கொல்வதில்லை. உள்ளே பெருகி, சுவர் வழியாக ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டே இருக்கும். பாக்டீரியா மெதுவாக வளரும், அவ்வளவுதான். பிறகு அதன் மேல் உலோக ஆக்சைடு படிந்து, வெற்றிடத்தில் காய்ந்து, கரிமக் கரைப்பானில் ஊறிய எலக்ட்ரோடுக்குள் இருப்பது வெறும் புரதமும் டி.என்.ஏ.யும்தான். செல் கசிந்தால் பயப்பட வேண்டியது எலக்ட்ரோலைட்டைப் பார்த்து.

இனி வைரஸை ஏன் எடுத்தார்கள் என்பது. பெல்ச்சர் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது அபலோனி என்ற கடல் நத்தையின் ஓடு. கடல்நீரில் இருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் புரதங்களைக் கொண்டு அடுக்கடுக்காக அது படியவைக்கிறது. உயிரினம் கால்சியத்துக்குச் செய்வதை நமக்கு வேண்டிய பொருளுக்குச் செய்யவைக்க முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. எந்த உயிரினமும் தன் தேவைக்கு காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியைத் தொட்டதில்லை. ஆனால் அதை சிலிக்கானிலிருந்து பிரித்தறிந்து ஒட்டும் பெப்டைடுகளை (சிறு புரதத் துண்டுகளை) ஃபேஜ் தொகுப்பிலிருந்து அவர் குழு தேடி எடுத்து 2000-ல் வெளியிட்டது. ஒவ்வொன்றும் வெவ்வேறு பெப்டைடைச் சுமக்கும் நூறு கோடி வகை ஃபேஜ்களை ஒரு பொருளின் மேல் ஊற்றுகிறீர்கள். ஒட்டாததைக் கழுவிவிட்டு, ஒட்டியதைப் பிரித்தெடுத்து பாக்டீரியாவில் பெருக்கி, மறுபடி ஊற்றுகிறீர்கள். சில சுற்றில் நன்றாக ஒட்டுபவை மட்டும் மிஞ்சும். அவற்றின் டி.என்.ஏ.யைப் படித்தால் எந்த வரிசை ஒட்டுகிறது என்று தெரிந்துவிடும். பொருளுக்கு ஏற்ற பசையை நாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எனக்கு இந்த முறையின் மேல் இருக்கும் மரியாதை இன்றும் குறையவில்லை.

எம்13 சுமார் 880 நானோமீட்டர் நீளமும் 6.5 நானோமீட்டர் தடிமனும் உள்ள ஒரு நூல். அதன் உடல் முழுக்க பி8 என்ற ஒரே புரதத்தின் சுமார் 2,700 பிரதிகள். ஒரு முனையில் மட்டும் பி3 என்ற வேறு புரதம், ஐந்தே பிரதிகள். பி8-இன் மரபணுவில் நான்கு குளுட்டமிக் அமிலத்துக்கான எழுத்துகளைச் சேர்த்தால், நூலின் மேற்பரப்பில் கூடுதலாகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கார்பாக்சில் தொகுதிகள் வந்து நிற்கும். எதிர்மின் சுமை உள்ள அந்தப் பரப்பு கரைசலில் உள்ள கோபால்ட் அயனிகளை இழுத்துக்கொள்ளும். போரோஹைட்ரைடு விட்டால் கோபால்ட் ஒடுக்கப்பட்டு, தண்ணீரிலேயே ஆக்சைடாக மாறி, நூலைச் சுற்றிப் படிந்துவிடும். 2006 கட்டுரை இதுதான். தங்கத்தை ஒட்டும் பெப்டைடையும் கூடவே வைத்து, தங்கத் துகள் கலந்த கம்பியும் செய்தார்கள். அதில் கொள்திறன் இன்னும் ஏறியது.

சரி, "இரண்டு மடங்குக்கு மேல்" என்பதற்கு வருவோம். கிராஃபைட்டின் கோட்பாட்டு அளவு கிராமுக்கு 372 மில்லியாம்பியர் மணி. கோபால்ட் ஆக்சைடுக்கு சுமார் 890. இந்த வித்தியாசம் ஆக்சைடின் குணம். வைரஸ் இல்லாமல் செய்த கோபால்ட் ஆக்சைடுக்கும் அதே 890தான். கட்டுரை படிக்கும்போது இதை முதலில் பிரித்துப் பாருங்கள்: எது பொருள் கொடுத்தது, எது அச்சு கொடுத்தது? அப்புறம் அந்த ஆக்சைடு வேலை செய்யும் விதம். லித்தியம் வரும்போது ஆக்சைடு முழுதாக உடைந்து கோபால்ட் துகளாகவும் லித்தியம் ஆக்சைடாகவும் ஆகிறது. திரும்பும்போது மறுபடி சேர வேண்டும். ஏற்றும் மின்னழுத்தத்துக்கும் இறக்கும் மின்னழுத்தத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும், அது அத்தனையும் வெப்பமாகப் போகும் ஆற்றல். லித்தியத்தை விடும்போது இந்த ஆனோடு சுமார் 2 வோல்ட்டில் நிற்கும், கிராஃபைட் 0.2 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே முடித்துவிடும். ஆனோடின் மின்னழுத்தம் ஏறினால் அந்த அளவு முழு செல்லின் மின்னழுத்தத்திலிருந்து கழியும். கிராம் கணக்கில் வென்றதை வோல்ட் கணக்கில் இழக்கிறோம்.

அதனால்தான் என்னைப் பொறுத்தவரை 2009 கட்டுரைதான் பெரியது. இரும்பு பாஸ்பேட் மலிவு, பாதுகாப்பானது. மின்சாரத்தை மட்டும் சரியாகக் கடத்தாது. அதனால் உடல் முழுக்க இரும்பு பாஸ்பேட் படியும்படி பி8-ஐயும், முனை மட்டும் கார்பன் நானோகுழாயைப் பிடிக்கும்படி பி3-ஐயும் மாற்றினார்கள். ஒரே நூலில் இரண்டு மரபணு, இரண்டு வேலை. எவ்வளவு நல்ல மண்ணானாலும் வாய்க்கால் எட்டாத மூலையில் பயிர் காய்ந்துதான் போகும். எலக்ட்ரான் எட்டாத துகளும் செல்லுக்குள் அப்படித்தான், எடையில் இருக்கும், கணக்கில் வராது. படிக உருவம் இல்லாத இரும்பு பாஸ்பேட்டை, உலையில் சுட்ட படிக லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு நிகரான வேகத்தில் மின்சாரம் கொடுக்கவைத்தது அந்தப் பிடிப்புதான். ஏற்றி இறக்கும் சுற்று குறைந்தது 50-க்கு அது தளராமல் நின்றது. அந்த மாதிரி செல்லை எம்.ஐ.டி. தலைவராக இருந்த சூசன் ஹாக்ஃபீல்ட் வெள்ளை மாளிகைக்கே எடுத்துச் சென்று ஒபாமாவிடம் காட்டினார்.

அதற்குள்ளும் ஒரு சிக்கல் உண்டு, பலர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். அந்த இரும்பு பாஸ்பேட்டில் லித்தியமே கிடையாது. கடையில் வரும் செல்லில் லித்தியம் முழுக்கக் கேத்தோடிலிருந்துதான் வருகிறது, ஏனென்றால் கிராஃபைட் காலியாகத்தான் உள்ளே போகிறது. லித்தியம் இல்லாத கேத்தோடும் காலி கிராஃபைட்டும் சேர்ந்தால் செல்லே கிடையாது. லித்தியம் உலோகத்தை எதிரே வைக்க வேண்டும், அல்லது முன்கூட்டியே லித்தியம் ஏற்ற வேண்டும். ஆய்வகத்தில் லித்தியத் தகடு எப்போதும் எதிரே இருப்பதால் இந்தப் பிரச்சினை கண்ணில் படாது.

கடைக்கு ஏன் வரவில்லை என்பதற்கு என்னுடைய தோராயக் கணக்கு இது. நன்றாக வளர்ந்த கல்ச்சரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் கோடி ஃபேஜ் கிடைக்கும். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒரு ஃபேஜின் எடை ஒரு கோடியே அறுபது லட்சம் டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) அளவில்தான். பெருக்கிப் பார்த்தால் ஒரு லிட்டருக்கு சுமார் 27 மில்லிகிராம். 50 கிலோவாட் மணி கார் பேட்டரிக்கு பாஸ்பேட் வகைக் கேத்தோடு 100 கிலோ அளவு வேண்டும். ஃபேஜைச் சுற்றி 20 நானோமீட்டர் கம்பியாகப் படிகிறது என்று வைத்துக்கொண்டால், எடையில் சுமார் 5 சதவீதம் ஃபேஜ், அதாவது 5 கிலோ. அதற்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் லிட்டருக்கு மேல் கல்ச்சர் வேண்டும், ஒரே ஒரு காருக்கு. விளைச்சலைப் பத்து மடங்கு கூட்டினாலும் பதினெட்டாயிரம் லிட்டர். அத்தனையையும் வீழ்படிவாக்கி, சுழற்றி, மறுபடி கரைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். இன்னொரு பக்கம், லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை உலையில் சுட்டுக் கரி பூசி டன் கணக்கில் எடுக்கும் தொழில் நன்றாக வளர்ந்துவிட்டது. அதனுடன் விலையில் மோத முடியாது.

ஃபேஜ் கையாள்வதே ஒரு தனி அழகு, அதையும் சொல்லிவிடுகிறேன். பாலிஎத்திலீன் கிளைக்காலும் உப்பும் விட்டுக் குளிரில் ஓர் இரவு வைத்தால், சுழற்றிய பிறகு குழாயின் சுவரில் வெள்ளையாக ஒரு பூச்சு ஒட்டியிருக்கும். அதைக் கொஞ்சம் நீரில் கரைத்து அடர்த்தி ஏற்றினால் நூல்கள் தாமாகவே வரிசை கட்டிக்கொள்ளும். துருவகக் கண்ணாடிகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தால் வண்ண வண்ணமாகத் தெரியும். வாய்ப்பு கிடைத்தால் ஒருமுறை பாருங்கள். பிஎச்.டி.க்கு ஃபேஜ் வைத்திருக்கும் லேபுக்குப் போக முடிந்தால் தயங்காமல் போங்கள். இந்த செமஸ்டருக்கு உமியே எடுங்கள். அதைச் சாதாரணம் என்று நினைக்கவே வேண்டாம், அது பற்றித் தனியாக எழுதுகிறேன்.

திருவாரூர்_மாணவி

அக்கா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. 27 மில்லிகிராம் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. பொருள் கொடுத்ததையும் அச்சு கொடுத்ததையும் பிரித்துப் பார்க்கச் சொன்னதற்குப் பிறகு, சேர்த்து வைத்திருந்த கட்டுரைகளை எல்லாம் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் ஒரு சந்தேகம். எங்கள் தாவரவியல் துறையில் ஒருவர் புகையிலைத் தேமல் வைரஸ் பற்றிச் சொன்னார். இலையிலிருந்தே எடுக்கலாம், பாக்டீரியா கல்ச்சரே வேண்டாம் என்றார். அது சுலபமா?

பயிர்நோய்

நான் பயிர் நோயியல் துறை. சுலபம்தான், அதுவே பிரச்சினை. தொற்றிய புகையிலை இலையில் கிலோவுக்குக் கிராம் கணக்கில் வைரஸ் கிடைக்கும். அக்கா சொன்ன லிட்டருக்கு 27 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் அது மிகப் பெரிய விளைச்சல். 300 நானோமீட்டர் நீளம், 18 நானோமீட்டர் தடிமன், நடுவில் துளை உள்ள விறைப்பான குழல், மேலே 2,130 புரதப் பிரதிகள். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் கல்வர், கோட்சி குழுவினர் அந்தப் புரதத்தில் சிஸ்டீன் ஒன்றைச் சேர்த்தார்கள். சிஸ்டீனில் உள்ள கந்தகம் உலோகத்தைப் பிடிப்பதால் குழல்கள் தகட்டின் மேல் செங்குத்தாக ஒட்டி நின்றன. அவற்றின் மேல் நிக்கல் பூசி, நிக்கலின் மேல் சிலிக்கான் பூசி 2010-ல் ஆனோடு செய்தார்கள். சிலிக்கான் உப்பும்போது இடம் கொடுக்கக் கம்பிகளுக்கு நடுவே வெளி இருந்தது, நிக்கல் எலக்ட்ரானுக்கு வழி கொடுத்தது.

ஆனால் தங்கச்சி, உங்கள் ஊரில் இதைச் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. தக்காளியையும் மிளகாயையும் பிடிக்கும். கைபட்டால் பரவும், கத்தியில் பரவும், காய்ந்த இலையில் வருடக்கணக்கில் அழியாமல் இருக்கும். தோட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள் நடுவில் இருக்கும் கல்லூரி, பூச்சி புகாத கண்ணாடி வீடு கிடையாது, கழிவைச் சூட்டில் அழிக்கும் ஒழுங்கும் இந்த வேலைக்கென்று இருக்காது. ஒரு மாணவர் அதே உடையோடு வீட்டுக் கொல்லைக்குப் போனாலே போதும். இந்த வைரஸால் செடி பாழான விவசாயியின் முகத்தைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மின்வேதி

பயிர்நோய் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். இப்போது உமி.

நெற்பயிர் மண்ணில் கரைந்துள்ள சிலிசிக் அமிலத்தை வேரால் உறிஞ்சுகிறது. அதற்கென்றே வேரில் தனிப் புரதம் வைத்திருக்கிறது. மேலே ஏறும் அந்த அமிலம், நீர் ஆவியாகும் இடத்தில், உமியிலும் இலையிலும், நானோ அளவிலான சிலிக்காவாகப் படிகிறது. மணியைப் பூச்சியிடமிருந்து காக்கவும் காற்றோட்டம் விடவும் செடியே கட்டிய நுண்துளை அமைப்பு அது. மரபணுவைத் தொடாமலே உங்களுக்கு ஒரு அச்சு கிடைத்திருக்கிறது, டன் கணக்கில். ஸ்டான்ஃபோர்டில் யீ சுயி குழு 2013-ல் இதைத்தான் எடுத்தார்கள். உமியிலிருந்து எடுத்த நானோ சிலிக்கான் கிராமுக்கு 2,790 மில்லியாம்பியர் மணி கொடுத்தது, 300 சுற்றுக்குப் பிறகு 86 சதவீதம் மிஞ்சியது. டயட்டம் பாசியின் கண்ணாடி ஓட்டை அதன் வடிவம் கெடாமல் சிலிக்கானாக மாற்றலாம் என்று ஜார்ஜியா டெக் குழு 2007-லேயே காட்டியிருந்தது. வேதியியல் இரண்டுக்கும் ஒன்றுதான்: மக்னீசியம் சிலிக்காவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும், 650 டிகிரியில்.

மாமா மில்லில் பாய்லர் சாம்பல் கொடுத்தால் வாங்காதீர்கள். கட்டுப்பாடில்லாத சூட்டில் எரிந்ததில் சிலிக்கா படிகமாகியிருக்கும், துளைகள் அடைபட்டிருக்கும், அந்தத் தூசு நுரையீரலுக்கும் கெடுதல். எரிக்காத உமியை வாங்குங்கள். நன்றாகக் கழுவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றுங்கள். இந்தப் படியைச் செய்யாமல் விட்டால் பொட்டாசியம் சிலிக்காவை உருகவைத்துக் கரியை உள்ளே சிறைப்பிடித்துவிடும். சாம்பல் வெள்ளையாக வராது. பிறகு உங்கள் மஃபிள் ஃபர்னஸில் 700 டிகிரி. நூறு கிராம் உமிக்குப் பதினைந்து முதல் இருபது கிராம் சாம்பல் கிடைக்கலாம், பெரும்பகுதி சிலிக்கா.

அடுத்த படியை மஃபிள் ஃபர்னஸில் செய்யவே கூடாது. காற்றில் மக்னீசியம் எரியும். ஆர்கான் ஓடும் ட்யூப் ஃபர்னஸ் இருக்கும் இடத்தில், அதில் பழக்கமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். ஒரு கிராம் சிலிக்காவுக்கு 0.8 கிராம் மக்னீசியம்தான் கணக்கு, அதற்கு மேல் போடாதீர்கள். வினை தொடங்கியதும் தானே பெரும் சூட்டை வெளியிடும். அந்தச் சூடு சிலிக்கானை உருக்கி, நெல் கட்டிக் கொடுத்த துளை எல்லாவற்றையும் மூடிவிடும். பிறகு அச்சு என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் சிலிக்காவின் எடையைப் போல் பத்து மடங்கு சமையல் உப்பைக் கலப்பார்கள். உப்பு 801 டிகிரியில் உருகும்போது மிகுதிச் சூட்டை வாங்கிக்கொள்ளும், பிறகு தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

அமிலத்தில் கழுவும் படியை உங்கள் கைடோடு உட்கார்ந்து பேசுங்கள். மக்னீசியம் கூடுதலாகிவிட்டால் மக்னீசியம் சிலிசைடு உருவாகியிருக்கும். அது அமிலத்தில் பட்டால் சிலேன் வாயு வரும், காற்றுப் பட்டதும் தானாகத் தீப்பிடிக்கும் வாயு. ஃப்யூம் ஹூட்டுக்குள், கண்ணாடியும் முகக் கவசமும் போட்டு, குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் பொடியைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். சட்டென்று சிறு வெடிப்புச் சத்தமோ பொறியோ வந்தால் நிறுத்திவிடுங்கள். மிச்சமிருக்கும் சிலிக்காவை எடுக்க ஹைட்ரோஃப்ளுவோரிக் அமிலம் போடச் சொல்லிக் கட்டுரைகளில் இருக்கும். அந்த அமிலம் தோல் வழியாக எலும்புவரை போகும். உங்கள் லேபில் அது வேண்டாம், கொஞ்சம் சிலிக்கா மிச்சமிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், எவ்வளவு என்று அளந்து எழுதினால் போதும்.

எலக்ட்ரோடுத் துகள்களை ஒட்டிவைக்கும் பைண்டருக்கு வழக்கமான பி.வி.டி.எஃப். என்ற பாலிமரை எடுக்காதீர்கள். சிலிக்கான் லித்தியத்தை வாங்கும்போது ஏறக்குறைய மூன்று மடங்கு கூடுதலாக வீங்கும், அந்த பைண்டர் அதைத் தாங்காது. 2011-ல் பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் நன்றாகத் தாங்குகிறது என்று காட்டினார்கள். மன்னார் வளைகுடாப் பக்கமும் பழுப்புக் கடற்பாசியை ஆல்ஜினேட்டுக்காகச் சேகரிக்கிறார்கள், ஆகவே உங்கள் எலக்ட்ரோடு முழுக்க நம் கரையிலிருந்தே வரலாம். எனக்கு அதில் தனி சந்தோஷம்.

கடைசியாக, நான் மிகவும் பிடிவாதமாக இருக்கும் விஷயம். 2,790-ஐப் பிடிக்க ஓடாதீர்கள். நானோ பொருளுக்குப் பரப்பு அதிகம். அந்தப் பரப்பு முழுவதும் எலக்ட்ரோலைட் சிதைந்து ஒரு படலம் உருவாகும், அது லித்தியத்தைத் தின்னும். லித்தியத் தகடு எதிரே இருக்கும் அரை செல்லில் இது வலிக்காது, கையிருப்பு ஏராளம். முழு செல்லில் கேத்தோடு கொண்டுவந்ததுதான் மொத்தச் சொத்து. ஒவ்வொரு சுற்றிலும் 0.1 சதவீதம் தொலைந்தால்கூட 500 சுற்றில் 40 சதவீதம் போய்விடும். ஆகவே முதல் சுற்றின் திறன் (உள்ளே போன லித்தியத்தில் திரும்பி வந்தது) எத்தனை சதவீதம், ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை மில்லிகிராம் பூசினீர்கள் என்ற இரண்டையும் உங்கள் அறிக்கையின் முதல் அட்டவணையிலேயே போடுங்கள். பல கட்டுரைகளில் பூச்சு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு; கடையில் விற்கும் செல்லில் கிராஃபைட்டே பத்து மில்லிகிராம் அளவில் இருக்கும்.

திருவாரூர்_மாணவி

அக்கா, உமி என்றே முடிவு செய்துவிட்டேன். கைடும் சம்மதித்துவிட்டார். ட்யூப் ஃபர்னஸுக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் கேட்டிருக்கிறோம். ஒன்றே ஒன்று: அச்சு உண்மையிலேயே உதவியதா என்று எப்படிக் காட்டுவது? நீங்கள் சொன்ன "எது பொருள், எது அச்சு" கேள்வியை என் வேலைக்கும் கேட்க வேண்டும் அல்லவா?

மின்வேதி

இதைக் கேட்டதற்கு உங்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருக்கிறது. கடையில் விற்கும் சாதாரண சிலிக்கா பொடியை வாங்கி, அதே மக்னீசியம், அதே உப்பு, அதே வெப்பநிலை, அதே பைண்டர், அதே எடைப் பூச்சில் இரண்டாவது தொகுதி செய்யுங்கள். உப்புப் போடாமல் உமிச் சிலிக்காவில் மூன்றாவது தொகுதி. அதில் துளைகள் உருகிப் போயிருக்கும். மூன்றையும் ஒரே நாளில் செல்லாகக் கட்டி, பக்கத்துப் பக்கத்துச் சேனலில் போடுங்கள். உப்புப் போட்ட உமித் தொகுதி மட்டும் நீடித்தால் அது நெல் கட்டிய அமைப்பின் வேலை. மூன்றும் ஒன்றாகவே தளர்ந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள், நான் அந்த அறிக்கையைப் படிக்கக் காத்திருப்பேன். உமிப் பையின் மேல் எந்த ரகம், எந்தப் பருவம், புழுங்கலா பச்சையா என்று இன்றே எழுதி ஒட்டிவிடுங்கள்.